வெள்ளிக்கிழமைக் குப்பை

காலை ஏழு மணிக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். "குப்பைக்குழி பார்க்கவா நாற்பது மைல் போகிறீர்?" என்று விடுதிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கட்டுமே! ஒரு சந்தை ஊர் தன் குப்பையைக் குழியில் கொட்டாமல் வயலுக்கு எருவாக அனுப்பப் போகிறது என்று கேள்விப்பட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

யுத்த காலத்துக் கரி பஸ். மேட்டைக் கண்டால் அதற்கு மூச்சு வாங்கும். நாங்கள் இறங்கி நிற்போம், டிரைவர் கரியடுப்பைக் கிளறுவார், மறுபடி ஏறுவோம். நாமக்கல் போய்ச் சேரவே பத்தரை. அங்கிருந்து எருமப்பட்டிப் பாதையில் எட்டு மைல் மாட்டு வண்டி. வழியெல்லாம் மாசி வெயில், மஞ்சள் வேகும் வாசனை.

ஒன்றரை மணிக்கு ஊர் எல்லையில் இறங்கினால், ஏழெட்டு வண்டிகள் காலியாக நிற்கின்றன! நடுவே இடுப்பில் கைவைத்தபடி பழனியம்மாள் என்ற குடியானவப் பெண். அவள் தோட்டத்தை ஒட்டித்தான் ஊர்க் குப்பைக்குழி. அது நிரம்பிவிட்டதால், அடுத்த குழியை அவள் தோட்டத்திலேயே வெட்டுவதாகப் பஞ்சாயத்து போர்டு முடிவு செய்திருந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணை வாங்கியிருக்கிறாள். சந்தைக்கு மறுநாள் சேரும் குப்பை முழுவதையும் பொழுது சாய்வதற்குள் குடியானவர்கள் எடுத்துப் போய்விட்டால் புதுக் குழி வேண்டாம். இல்லையென்றால் நாளைக் காலை மண்வெட்டி இறங்கும்.

"அப்புறம் ஏன் வண்டிகள் நிற்கின்றன?" என்றேன்.

"நாளு பாக்காம ஒத்துக்கிட்டனுங்க சாமி! இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க. ஒரு ஊட்டுலயும் குப்பை குடுக்க மாட்டேங்கறாங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். குப்பையை ஊர்க்குழியில் கொட்டினால் அது யார் கைக்கும் போகாது, அதனால் தோஷமில்லை. வெள்ளிக்கிழமையில் இன்னொருவர் வயலுக்குக் கொடுத்தால், வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம்! மளிகைக்கடைக்காரர் மனைவி கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "ஏனுங்க, எங்க ஊட்டு லட்சுமிய நாங்களே வண்டி ஏத்தி உடறதுங்களா?"

பழனியம்மாள் தோட்டத்துக்கு ஓடினாள், மடி நிறைய மஞ்சளோடு திரும்பினாள். "சும்மா கேக்கலீங்க அக்கா. எந்தோட்டத்து லட்சுமிய மொதல்ல நீங்க வாங்கிக்குங்க" என்று ஒரு மஞ்சளை நீட்டினாள். வெள்ளிக்கிழமையில் மஞ்சளை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? கூடை கை மாறியது.

ஆகா, அப்புறம் அந்தத் தெரு பட்ட பாடு! வாசலுக்கு வாசல் ஒரு மஞ்சள் ஏற, கூடையும் முறமும் சாக்குமாகக் குப்பை இறங்கியது. "கண்ணாடி வேண்டாமுங்க, மாட்டுக் கால்ல குத்தும்!" என்று வண்டிக்காரர்கள் கூவ, பெண்கள் தெருவிலேயே உட்கார்ந்து பிரித்துப் போட்டார்கள். நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எச்சில் இலையும் சாணமும் அள்ளினேன். வெட்கமாவது ஒன்றாவது!

ஆறு மணிக்கு போர்டு தலைவர் வந்தார். கடைசி வண்டி கிளம்பிப் போயிருந்தது. மிச்சம் கிடந்தது ஒரு கூடை உடைந்த ஓடும் கண்ணாடியும்தான்.

"இதுக்கெதுக்கு அம்மிணி புதுக் குழி? உங்க தோட்டம் உங்களுக்கே" என்றார்.

பழனியம்மாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். சென்னையில் எங்கள் தெருக் குப்பை யார் தோட்டத்துப் பக்கம் போய் விழுகிறதோ, தெரியவில்லை.

விடைபெறும்போது, "அத்தனை மஞ்சளும் போயிற்றே, அம்மா" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "போனாப் போவுதுங்க சாமி. தோட்டம் தப்பிச்சுடுச்சுங்களே, மறுக்கா வெளையாதுங்களா?"