முதலில் எடுக்கும் சாமான்

நான் வேலை பார்க்கும் இடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. இதையெல்லாம் ஒரு பெருமையாகச் சொல்கிறாளே என்று நினைப்பவர்கள், துணிக்கடையில் ஒரு ஆடித் தள்ளுபடிக்கு நின்று பார்க்க வேண்டும். தென்காசியில் ஒன்பது வருடம் நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டியவள் நான். கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்த பிறகுதான் வேறு வேலை தேடினேன்.

கிடைத்தது சாமான் பூட்டி வைக்க அறை வாடகைக்கு விடும் கம்பெனி. குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு பழைய அரிசி ஆலையைத் தடுத்து, ஷட்டர் போட்ட சின்னச் சின்ன அறைகளாக்கியிருந்தார்கள். வீடு இடித்துக் கட்டுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள் வருவார்கள். பாதிக்கு மேல் குற்றாலத்துச் சீசன் கடைக்காரர்கள்தான். அருவியில் தண்ணீர் நின்றதும் அடுப்பு, சட்டி, பெஞ்சு, தார்ப்பாய் எல்லாவற்றையும் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போவார்கள்.

தை பிறந்ததும் சேர்ந்தேன். "சீசனுக்குச் சாமான் வெளிய போற அன்னைக்கு எப்படிச் சமாளிக்கேன்னு பார்ப்போம். சரியா வரலைன்னா வேற ஆள் போட்டுருவேன்" என்றார் முதலாளி. ஒளிவுமறைவில்லாத மனுஷர். எனக்கு அன்றிலிருந்து நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் பயம்.

அந்தப் பயத்தில்தான் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஐயப்ப சீசன் முடித்துக் கடைக்காரர்கள் சாமான் கொண்டுவந்தபோது ஒவ்வொருவரிடமும், "திரும்ப எடுக்கும்போது எது முதல்ல வேணும்?" என்று கேட்டேன். அதைக் கடைசியாக ஏற்றி, ஷட்டரை ஒட்டி வைக்கச் சொன்னேன். எதை, எந்த அறையில் என்று நோட்டில் எழுதினேன். அறையைத் தலைகீழாகப் புரட்டாமல் இருக்கத்தான் இதெல்லாம். சாயங்காலம் கிளம்பும் முன் மறுநாளைக்கு ஒரு சீட்டு எழுதி வைப்பதும் அப்போது தொடங்கியதுதான்.

ஆனியில் சாரல் பிடித்தது, அருவியில் தண்ணீர் விழுந்தது. எல்லோருக்கும் சனிக்கிழமைக் கூட்டத்துக்குள் கடை போட்டாக வேண்டும். வெள்ளிக்கிழமையை ஒதுக்கினேன். உள்ளே போக ஒரே கேட், ஒரு நேரத்தில் குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்றுதான் நுழையும். அதனால் காலை ஒன்பதரையிலிருந்து ஆளுக்கு அரை மணி நேரம் என்று கலர் பேனாவில் அட்டவணை போட்டு, படம் எடுத்து எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து பார்த்தால் கேட்டில் தொடங்கிப் பதினான்கு வண்டி நிற்கிறது. மாலை நான்கு மணிக்காரர்கூட வந்துவிட்டார்.

"பத்தரைக்கு ராகு காலம்லா தங்கச்சி. மூணுக்கு எமகண்டம். நல்ல நேரம் ஒம்பதரைல இருந்து பத்தரைதான். சீசன் சாமானை வேற எப்ப எடுக்கச் சொல்லுத?" என்றார் அவர்.

என் மகளுக்குப் புது சைக்கிள் எடுத்ததே காலண்டர் பார்த்துத்தான். அப்படிப்பட்டவள், கலர் பேனாவைக் கையில் எடுத்ததும் காலண்டர் தாளை மறந்துபோனேன். என்னை என்ன சொல்லித் திட்டுவதென்று எனக்கே தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டு வண்டி போகும். மீதி பன்னிரண்டு பேருக்கு என்ன பதில் சொல்வது? பத்து மணிக்கு முதலாளி வந்துவிடுவார். என் நாற்காலி போனதென்றே முடிவு கட்டிவிட்டேன்.

வரிசையில் முதல் வண்டி நேந்திரங்காய்ச் சிப்ஸ் போடும் அண்ணாச்சியுடையது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு ராகு காலமும் கெடையாது, எமகண்டமும் கெடையாதும்மா. நான் கடைசியா எடுத்துக்கிடுதேன். இவுகளுக்கு நல்ல நேரத்துல ஒத்தச் சாமான் வெளிய வந்தாப் போதும்லா? வண்டி எதுக்கு? கையில எடுத்துக் குடு. மத்ததப் பொறவு ஏத்திக்கிடட்டும்."

அந்த நேரத்தில் எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. நோட்டைப் பிரித்து அறை எண்ணை வாசிக்க ஆரம்பித்தேன். பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினால் கைக்கெட்டும் தூரத்தில் அவரவர் முதல் சாமான். பஜ்ஜிக் கடைக்காரர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார். துண்டுக் கடைக்காரர் கடைப் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எண்ணெய் மசாஜ்காரர் ஒரு வெண்கலக் கிண்ணத்தோடு போனார். சாரலில் நனைந்தபடி ஒவ்வொருவராய் வெளியே போய்த் தங்கள் வண்டியில் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அதன் பிறகு யாருக்கும் அவசரமில்லை. என் அட்டவணைப்படியே வண்டிகள் உள்ளே வரத் தொடங்கின.

முதலாளி வந்து இறங்கினார். "என்ன நடக்குது இங்கன?" என்றார்.

"தங்கச்சி போட்ட ப்ளான்தான்" என்றார் சிப்ஸ் அண்ணாச்சி. "நல்ல நேரத்துக்கு ஒத்தச் சாமான், பொறவு வரிசையா வண்டி. சுத்தமா நடக்கு."

முதலாளி நோட்டை வாங்கிப் புரட்டினார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். மறுநாளே வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்.

அண்ணாச்சியின் வண்டி உள்ளே வரும்போது மணி ஐந்தரை. அன்றைக்கு அவர் கடை போட முடியவில்லை. அவ்வளவு கூட்டமான சாயங்காலத்தில் அவருடைய சட்டி மட்டும் காயவில்லை. கையெழுத்துப் போட வந்தவருக்கு என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "காலையிலருந்து வண்டியிலயே கெடக்கீங்க, உக்காருங்க அண்ணாச்சி. எனக்காக இம்புட்டு ஏன் செஞ்சீங்க?"

அவர் உட்காரவில்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"துணிக்கடையில நீ நின்ன மாடிக்குக் கீழ் மாடியிலதான் எம் பொண்டாட்டி நின்னா. பதினாலு வருசம். இப்ப அவளால எந்திரிச்சு நடக்க முடியல" என்றார். "நீ உக்காரும்மா."

உட்கார்ந்தேன்.