லொரெய்னின் கறுப்புக் கோடு

எங்கள் ஆய்வக உதவியாளர் லொரெய்ன் ஜெலின்ஸ்கி தன் நிழலையே நம்பாதவள். பிட்ஸ்பர்க்கில் இருபத்திரண்டு வருடம் ஒரே மேசை. வீட்டுக்குக் கிளம்புமுன் தன் பாட்டில்களில் கரைசல் நிற்கும் மட்டத்தில் கறுப்புப் பேனாவால் கோடு போட்டுவிடுவாள். மதியத்துக்குக் கொண்டுவரும் பியரோகி கொழுக்கட்டையைக்கூட எண்ணி டப்பா மூடியில் எழுதுவாள். பக்கத்து மேசைக்காரனான எனக்கு எரிச்சலாக வரும்.

புதிதாக கீகன் சேர்ந்ததும் சந்தேகம் இரட்டிப்பானது. அவன் ஆராய்ச்சி இதுதான்: செல்லுக்குள் ஒரு நொதி புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டி 'வளர்' என்று ஏவும். இன்னொரு நொதி அதைப் பிய்த்து 'போதும்' என்னும். புற்றுநோயில் ஒட்டுகிற நொதி ஓய்வதே இல்லை. அதை அடக்க கீகனிடம் ஒரு மருந்து இருந்தது. அடுத்த திங்களன்று கூட்டத்தில் அது பலித்ததென்று காட்டினால்தான் அவன் வேலை நீடிக்கும்.

வியாழனன்று சோதனைப் படம் காட்டினான்; புரதத்தில் பாஸ்பேட் ஒட்டியிருந்தால் அதில் கறுப்புப் பட்டை விழும். போன வாரம் மருந்தில்லாமல் எடுத்ததில் கறுப்புப் பட்டை. இந்த வாரம் மருந்து கொடுத்ததில் சுத்த வெள்ளை. ஆய்வகத் தலைவர் டோனட் வாங்கிவந்துவிட்டார்.

"இவ்ளோ வெள்ளையா? எதையோ அழிச்சிருக்கான்," என்று லொரெய்ன் என் காதைக் கடித்தாள்.

"விடேன், பாவம்."

"என் பாட்டில்ல கை வைக்கிறவன் படத்துலயும் கை வைப்பான். இரு, காட்றேன்."

தன் பூட்டுப் போட்ட சின்ன ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். பிய்க்கிற நொதியைக் கட்டிப்போடும் கரைசல் அது; ஆய்வகத்தில் இருந்தது அந்த ஒரு பாட்டில்தான். செல்லை உடைக்கும்போது அதை ஊற்றாவிட்டால், அந்த நொதி சில நிமிடத்தில் பாஸ்பேட் அத்தனையையும் பிய்த்துவிடும். மருந்தே தேவையில்லை, பட்டை வெளுத்துவிடும்.

மட்டம் கோட்டிலேயே நின்றது. ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

"கீகன்! இதை ஊத்தலையா நீ?"

"பொது ஃப்ரிட்ஜுல தேடினேன், காணோம். ஆர்டர் போட்டேன், இன்னும் வரல. ஒரு தடவைதானேன்னு..." பாதியில் அவனுக்கே உறைத்தது. முகம் செத்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை அதைப் பொது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பூட்டி வைத்தவள் லொரெய்ன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சனிக்கிழமை இருவரும் சேர்ந்து மறுபடி செய்தார்கள். மருந்து கொடுத்த செல்லிலும் பட்டை கறுப்பாகவே வந்தது; மருந்து பலிக்கவில்லை.

திங்களன்று கூட்டத்தில் கீகன் வாயைத் திறக்குமுன் லொரெய்ன் எழுந்தாள். "பாட்டிலை ஒளிச்சது நான். இவன் திருடுவான்னு நினைச்சேன்."

கீகன் தலை நிமிராமல் சொன்னான்: "கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா, லொரெய்ன்?"

அவள் தன் ஃப்ரிட்ஜ் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.