நுரை வராத தண்ணீர்

சுங்கைப் பட்டாணியில் எங்கள் சாயத் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் ஜெனவீவ் அக்கா. அதற்கு முன் பதினொரு வருடம் பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்ட மருந்தகத்தில் புண் துடைத்தவர். நான் பிச்சை, அவருடைய கையாள். வயது முப்பத்தைந்து, எதிர்த்துப் பேச வாய்தான் கிடையாது.

சிவந்த தண்ணீரில் அமிலம் விட்டு, பச்சை இரும்பு உப்பு கொஞ்சம் போட்டு, பெராக்சைடு ஊற்றுவோம். சாயத்தை உடைப்பது பெராக்சைடு, அதைக் கிளப்பிவிடுவது இரும்பு. கடைசியில் சுண்ணாம்பு.

1983-இல் ஒருநாள், காலை பத்து மணிக்குச் சுற்றுச்சூழல் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. சூப்பர்வைசர் மனோகரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா தடுக்கத் தடுக்க, நான்கு கேன் பெராக்சைடை அதிகமாகக் கவிழ்த்தார். ஒன்பதரைக்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆனால் பட்டறையிலிருந்து அடுத்த சாயத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தொட்டித் தண்ணீரைக் கீழே ஓடும் சுங்கை ஆற்றில் விடும் வால்வு அக்காவின் பொறுப்பு.

"வால்வத் திறங்கக்கா" என்றார் மனோகரன். "தொட்டி வழிஞ்சா நம்ம ரெண்டு பேரு வேலையும் போயிரும்."

"கலருதான் போயிருக்கு தம்பி, மருந்து அப்படியே இருக்கு. கீழ சுங்கையில தோட்டத்துப் பிள்ளைங்க குளிக்கிற நேரம்லா."

"அதிகாரி கலரத்தானே பாப்பாரு."

அக்கா விரலில் சுற்றியிருந்த பிளாஸ்டரைப் பிரித்தார். முந்தின நாள் டின் கிழித்த காயம். ரத்தம் கசிய அழுத்தி, தொட்டித் தண்ணீர் மொண்ட கோப்பைக்குள் விரலை விட்டார். காயத்தைச் சுற்றி வெள்ளையாக நுரைத்தது. மருந்தகத்தில் எத்தனையோ புண்ணில் பெராக்சைடு ஊற்றி அவர் பார்த்த நுரை.

மனோகரன் என் பக்கம் திரும்பினார். "பிச்ச, நீ திற."

நான் போய் வால்வைப் பிடித்தேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், வேறு வேலை கிடையாது. அக்கா என் கைமேல் தன் ஈரக் கையை வைத்தார். நானாகக் கையை எடுக்கவில்லை, அவர்தான் ஒவ்வொரு விரலாக விலக்கிவிட்டார்.

"பட்டறைய நிப்பாட்டு தம்பி" என்றார் மனோகரனிடம்.

நிறுத்தவில்லை. அதிகாரி வந்தபோது தொட்டி விளிம்பில் சிவப்பு வழிந்து முற்றமெல்லாம் பரவிக்கிடந்தது. பட்டறையை இரண்டு நாள் மூடினார்கள். அக்காவைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டு, வால்வை என்னிடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன், வெட்கமாக இருந்தது.

அதன்பின் தினமும் காலையில் அக்கா பாசாரிலிருந்து ஒரு துண்டுக் கோழி ஈரலைக் காகிதத்தில் மடித்து வந்து கொடுப்பார். மருந்து மிச்சமிருந்தால் அதுவும் காயம் மாதிரியே நுரைக்கும் என்றார். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் மொண்டு, அதில் போட்டுப் பார்ப்பேன். நுரை வந்தால் திறக்கமாட்டேன். வராவிட்டாலும், அவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டும்வரை வால்வில் கை வைக்கமாட்டேன்.