வெட்கப்பட வேண்டியவள் நான் இல்லை

நான் வாகரைப் பக்கத்து வேடப் பெண். காட்டில் விறகு வெட்டியதற்காக என்னைச் சிறைக்குள், மறியலில் போட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்திருந்த நேரம் அது. தூங்காமல் அழுதேன். "வேடத்திக்குப் பைத்தியம்" என்று காவல்காரிகள் சிரித்தார்கள்.

வழக்கன்று நீதவானிடமும் அதையே சொன்னார்கள். நான் தலைகுனிந்து நின்றேன். மறியலில் என் பக்கத்தில் படுத்த, கல்லடி ஊர்ப் பெண்ணுக்கும் அன்றுதான் வழக்கு. அவள் சட்டென எழுந்தாள்.

"ஐயா, அவக்கு வருத்தம். டொக்டரக் காட்டச் சொல்லி எத்தின தரம் கேட்டன்!"

பொலிஸார் அதட்டியும் அவள் உட்காரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கும் வாய் திறந்தது.

"என்ட புள்ள செத்துப் போச்சு ஐயா. அழுறது குத்தமா?"

நீதவான் என்னை வைத்தியரிடம் அனுப்பினார். பிறகு பிணையும் கிடைத்தது.

இப்போதும் அந்த வைத்தியர் தந்த மருந்தைக் குடிக்கிறேன், எல்லோரும் பார்க்கவே குடிக்கிறேன். வெட்கப்பட வேண்டியவள் நான் இல்லை.