அடுப்பில் அடைகாத்த கோழியும் என் ரிப்போர்ட்டும்

போன வியாழக்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே இருந்த சைக்கிள் கடையில் ஒருவரைப் பார்த்தேன். பார்த்ததும், பார்க்காத மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

இந்தக் கலையில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. சர்க்கார் வேலையில் இருப்பவனுக்கு, கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காமல் இருக்க யாராவது சொல்லித்தர வேண்டுமா, என்ன?

ஆனால் அவர் என்னைப் பார்த்துவிட்டார். கையெல்லாம் கிரீஸ். தோளில் ஒரு பழைய டியூப்.

"சார்... கிருஷ்ணகிரி பஸ்ஸு வர இன்னும் நேரம் ஆவுங்க. ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்களேன்."

அவர் பெயர் முனிரத்தினம். ஆறு மாதத்துக்கு முன்புவரை எங்கள் ஆபீசில் வேலை பார்த்தவர். இப்போது மாமனாரின் கடையில் பஞ்சர் ஒட்டுகிறார். அவரை அங்கே உட்கார வைத்த புண்ணியவான் யார் என்கிறீர்களா? பொறுங்கள், வருகிறேன்.

முதலில் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "வாராவாரம் ஊர்க்கதையெல்லாம் எழுதுகிறீரே, நீர் என்னதான் வேலை பார்க்கிறீர்?" என்று தர்மபுரி வாசகர் ஒருவர் கார்டு போட்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் சேர்த்து இன்று பதில்.

ஐந்தாண்டுத் திட்டத்தில் கிராமங்களுக்கு எருக்குழி, புகையில்லா அடுப்பு என்று சர்க்கார் பல நன்மைகளைச் செய்துவருகிறது அல்லவா? அவை போய்ச் சேர்ந்தனவா என்று பார்க்க ஓர் ஆபீஸ். அந்த ஆபீஸ்காரர்கள் வீடு வீடாகப் போய், நாற்பது கேள்விகள் கேட்டு, ஃபாரம் நிரப்புவார்கள். சரி, அவர்கள் நிஜமாகவே வீடுகளுக்குப் போனார்களா, இல்லை காப்பி ஓட்டலில் உட்கார்ந்தே எழுதிவிட்டார்களா? அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா?

அந்த ஆள் நான். பார்ப்பவர்களைப் பார்ப்பவன். என்னை யார் பார்ப்பது என்று கேட்காதீர்கள்... அதற்கும் ஒரு ஃபாரம் அச்சாகிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நாற்பது கேள்விகளும் எங்கோ தூரத்தில், மின்சார விசிறிக்குக் கீழே பிறந்தவை. தலைமுறை தலைமுறையாக ராகி மட்டுமே விதைக்கும் மேட்டு நிலத்துக்காரரிடம், "ஜப்பானிய முறையில் நெல் நடுகிறீரா?" என்று கேட்டே ஆக வேண்டும். "ஜப்பான்காரன் இங்கயும் வந்துட்டானா சாமி?" என்று அவர் பதறினால், அந்தப் பதிலை எழுத ஃபாரத்தில் இடம் கிடையாது.

என் வேலை சுலபம். ஒரு கிராமத்தில் பத்து வீடுகளைப் பொறுக்கி எடுப்பேன். கேட்ட கேள்விகளையே மறுபடி கேட்பேன். அன்றைக்குச் சொன்ன பதில் இடது பக்கம், இன்றைக்குச் சொல்லும் பதில் வலது பக்கம். இரண்டும் ஒத்துப்போனால் வேலை தரமானது. மூன்று வீட்டுக்கு மேல் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஊழியரின் வேலை நம்பத் தகாதது. தற்காலிக ஊழியர் என்றால் சீட்டுக் கிழியும்.

இந்த முறையை அதிகாரிகள் விஞ்ஞானபூர்வமானது என்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்புவதற்குத்தானே சம்பளம்?

இதில் முதலில் நான் போனது நாகரசம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு. அங்கே ஃபாரம் நிரப்பியவர் சபாபதி என்ற இளைஞர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. ஒரு மைக்கறைகூட இல்லாத ஃபாரத்தைப் பார்த்தால் எங்கள் ஆபீசில் எல்லாருக்கும் ஒரு பக்தி வரும்.

ஊர் மணியக்காரர் மாந்தோப்பில் நாற்காலி போட்டிருந்தார். இளநீர் வந்தது. நான் கேட்ட பத்து வீட்டுக்காரர்களும் ஏற்கெனவே வரிசையாக நின்றிருந்தார்கள். ஆனால் பேசியதென்னவோ மணியக்காரர் மட்டும்தான்.

"எழுதிக்கோங்க சார். இவன் வூட்ல எருக்குழி ரெண்டு. அவன் வூட்ல ரெண்டு. எல்லார் வூட்லயும் ரெண்டு ரெண்டுதாங்க. எங்க ஊர்ல ஏத்தத்தாழ்வே கெடையாது."

வரிசையில் ஒருவர் வாயைத் திறந்தார். "இல்லீங்க, நம்ம வூட்ல வந்து..."

"நீ சும்மா இருடா. சார் என்னையத்தான கேக்கறாரு?"

சபாபதி வந்தபோதும் மணியக்காரர்தான் ஊர் முழுவதற்கும் பதில் சொல்லியிருக்கிறார். மாந்தோப்பு, நாற்காலி, இளநீர்... ஒரே காலையில் மொத்த கிராமமும் முடிந்துவிட்டது. அப்போது சொன்னதையே இப்போதும் வரி பிசகாமல் ஒப்பித்தார்.

புகையில்லா அடுப்பு அத்தனை வீட்டிலும் எரிகிறது என்றார். தோப்புக்கு அப்பால் பார்த்தேன். அத்தனை கூரையிலிருந்தும் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

"மணியக்காரரே, அது என்ன?"

"அதுங்களா... அது பழைய அடுப்புப் புகைங்க. புது அடுப்புல பொகையே வராதுங்க."

இதற்கு மேல் என்ன கேட்பது? இடது பக்கமும் வலது பக்கமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒத்துப்போயின. பத்துக்குப் பத்து. 'மிகவும் தரமான வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இளநீர் நன்றாகவே இருந்தது.

அடுத்த வாரம் தளிப் பக்கம். அது முனிரத்தினத்தின் கிராமம். அவர் ஓசூர்க்காரர். ஒரு வீட்டில் கன்னடத்தில் கேட்பார், அடுத்த வீட்டில் தெலுங்கில் கேட்பார், இரண்டையும் தமிழில் எழுதுவார். அவருடைய ஃபாரங்களைப் பார்த்தால் உங்களுக்குக் கண்ணீர் வரும். மழைத்துளி பட்டு மை ஊறியிருக்கும். அடித்து எழுதியிருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள் வேறு. ஒன்று இப்படி: 'புகையில்லா அடுப்பு உள்ளது. மூன்று நாள் எரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். இப்போது அதில் கோழி அடைகாக்கிறது. அம்மாள் கோழியை எழுப்ப மறுக்கிறார்.'

எங்கள் ஃபாரங்களில் இதுவரை நான் படித்ததிலேயே நிஜமான வாக்கியம் அதுதான். அதற்கு மதிப்பெண் கிடையாது.

ரூல்படி, மறுவிசாரணை நடக்கும்போது ஃபாரம் நிரப்பியவர் ஊருக்குள் வரக் கூடாது. முனிரத்தினம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டார்.

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேங்க. சில வூட்டுக்கு மூணு தடவ போயிருக்கேன். காட்டு வேலைக்குப் போய்ட்டா சாயந்திரந்தான் ஆளைப் பாக்க முடியும். 'சர்க்கார் வேலையா, பாக்கலாம் எத்தினி நாளைக்கு'ன்னு எங்க மாமனாரு கேட்டுட்டுதான் வுட்டாரு. இது போச்சுன்னா அவரு கடைலதாங்க போய்க் குந்தணும்."

"உண்மையாக வேலை பார்த்தவர் நீங்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?" என்றேன். உபதேசம் சொல்வதற்கு நமக்கு என்ன செலவு?

முதல் வீடு சென்னம்மாவுடையது. கோழி வீடு. நாற்பது வயது இருக்கும். களத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். முனிரத்தினத்திடம் அவர் சொன்னது: எருக்குழி ஒன்று, அடுப்பு எரிவதில்லை.

"எருக்குழி எத்தனை அம்மா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு இருக்குது சாமி."

"புகையில்லா அடுப்பு?"

"நல்லா எரியுது சாமி. அதுலதான் தினமும் களி."

கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். எருக்குழி ஒன்றுதான். அடுப்பில் தாய்க்கோழி ஒன்று, எட்டுக் குஞ்சுகளோடு என்னை முறைத்தது. ஃபாரத்தில் இருந்தது அடைகாக்கும் கோழி, நான் கண்டது குஞ்சு பொரித்த கோழி. ஒத்துப்போகவில்லை என்று இதையும் எழுதியிருக்கலாம்.

"ஏன் அம்மா, போன தடவை வந்தவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, என்னிடம் மாற்றிச் சொல்கிறீர்களே?"

சென்னம்மா முறத்தைக் கீழே வைத்தார். "அந்தத் தம்பி கேட்டப்போ உள்ளதச் சொன்னேன். இப்ப பெரிய ஆபீசரு நீங்க அதையே மறுக்கா வந்து கேக்கறீங்க. அப்ப நான் சொன்னது புடிக்கலன்னுதான வந்திருக்கீங்க? அவ்ளோ தூரம் பஸ்ஸுல வந்தவங்கள வெறுங்கையோடவா அனுப்பறது?"

ஐயா, இது பொய்யா? உபசாரம்! கேட்டதையே ஒருவர் திரும்பக் கேட்டால், கொடுத்த பதில் போதவில்லை என்று அர்த்தம். சாப்பாட்டில் மறு சோறு போடுகிற மாதிரி, எருக்குழியிலும் ஒன்று சேர்த்துப் போட்டுவிட்டார்.

ஊர் முழுவதும் இதே உபசாரம்தான். சிலர் கூட்டிச் சொன்னார்கள். வந்தவன் வரி போட வந்திருப்பானோ என்று பயந்த இரண்டு பேர் மட்டும் குறைத்துச் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் போய் நானே பார்த்தேன். பத்து வீட்டிலும் முனிரத்தினம் எழுதியிருந்ததுதான் சரி. ஆனால் ஃபாரத்தில் அன்று சொன்னது, இன்று சொன்னது என்று இரண்டே கட்டங்கள்தான். 'கண்ணால் கண்டது' என்று ஒரு கட்டம் கிடையாது. எட்டு வீடுகள் ஒத்துப்போகவில்லை.

திரும்பி வரும்போது முனிரத்தினத்திடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "உங்கள் கோழி குஞ்சு பொரித்துவிட்டது. கவலைப்படாதீர்கள், நான் பார்த்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்."

எழுதினேன். நம்புங்கள், முதல் தடவை அப்படியே எழுதினேன். பதில்கள் மாறியது ஊர்க்காரர்களின் மரியாதையால், ஊழியரின் வேலை அப்பழுக்கற்றது என்று இரண்டு பக்கம் எழுதி, கோழியையும் சேர்த்து, மேலதிகாரிக்கு அனுப்பினேன்.

நான்கு நாளில் பைல் திரும்பி வந்தது. மேலே பென்சிலில் ஒரே ஒரு வரி: 'மறுபடி பார்த்து எழுதவும்.'

படித்ததும் பயந்துவிட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நானும் அப்போது தற்காலிகம்தான். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அதே மேலதிகாரியின் அதே மேஜை மேல் கிடந்தது. மறுபடி எழுதச் சொல்கிறார் என்றால், முதலில் எழுதியது பிடிக்கவில்லை என்றுதானே பொருள்? பெரிய மனிதர் அவ்வளவு தூரம் பைலைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவரை வெறுங்கையோடு விடலாமா?

இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஒரே வரியில் முடித்தேன்: 'பத்தில் எட்டு வீடுகள் முரண்படுகின்றன. பணி நம்பத் தகாதது.' கோழியையும் அடித்துவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் முனிரத்தினத்துக்கு உத்தரவு போனது. சபாபதிக்குப் பதவி உயர்வு. எப்படித் தரமாக ஃபாரம் நிரப்புவது என்று மற்றவர்களுக்கு அவர் இப்போது வகுப்பு எடுக்கிறார். நான் நிரந்தரமானேன். ஆபீசில் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன்.

ஜாங்கிரியை மென்றுகொண்டே எங்கள் ஹெட் கிளார்க் கேட்டார்: "ஏன் சார், அந்த ரிப்போர்ட்டை எதுக்கு மாத்தினீங்க?"

"மறுபடி பார்த்து எழுதச் சொல்லிவிட்டாரே."

"அடக் கடவுளே! அவரு எல்லா பைல்லயும் அதைத்தான சார் எழுதுவாரு? போன மாசம் என் லீவு லெட்டர்லகூட எழுதியிருந்தாரு. படிக்காத பைலுக்கெல்லாம் அதுதான். நாலு நாள் ஆறப் போட்டு அதே காகிதத்தைத் திரும்ப வெச்சா, கையெழுத்துப் போட்டுடுவாரு. இது இங்க எல்லாருக்கும் தெரியுமே?"

எனக்குத் தெரியாது. கடித்த ஜாங்கிரியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"இப்போது திருத்தி எழுதினால்...?"

"மூணாவது தடவை எழுதினா, உங்களைச் சரிபார்க்க ஆள் அனுப்பிடுவாங்க சார். பேசாம இருங்க."

பேசாமல் இருந்தேன். அதில்தான் எனக்கு வெட்கம். பென்சில் வரியைத் தப்பாகப் புரிந்துகொண்டது முட்டாள்தனம், போகட்டும். புரிந்த பிறகும் ஆறு மாதம் பேசாமல் இருந்ததற்கு என்ன பெயர்? சென்னம்மாவாவது ஓர் எருக்குழியைத்தான் கூட்டிச் சொன்னார். அதனால் யாருடைய வேலையையும் பறிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. வந்தவன் மனசு குளிரட்டும் என்றுதான் நினைத்தார். நான் யார் மனசு குளிர எழுதினேன்? அந்த ரிப்போர்ட்டைப் படிக்கவே படிக்காத ஒருவருக்காக!

சரி, ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம்.

சைக்கிள் கடையில் உள்ளே ஒரு ஸ்டூலில் மாமனார் உட்கார்ந்திருந்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் காப்பி வாங்கிக் கொடுத்திருப்பார். மருமகன் திரும்பி வந்ததில் மனிதருக்கு அவ்வளவு திருப்தி.

முனிரத்தினம் கையைத் துணியில் துடைத்தார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். அன்னிக்கு கோழியப் பாத்தேன்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் ஏன் சார் அப்படி எழுதினீங்க?"

கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது.

"ரூல் அப்படி, முனிரத்தினம்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, டியூபை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். நான் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

இன்னொரு தடவை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பதிலை மாற்றியிருப்பேன்.