ஓட்டமாவடிச் சொப்சுவிக்குக் கலிபோர்னியாவிலிருந்து ஒரு சாட்சி

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். கடந்த மாசியில், மட்டக்களப்பு விடுதியொன்றில், காலைச் சாப்பாட்டு மேசையில் சீன முகத்தோடு ஓர் அம்மா. கைபேசியில் படித்த நான்கு சீனச் சொற்களை எடுத்துவிட்டுக் குனிந்து கும்பிட்டேன். "எனக்குச் சீனம் தெரியாது, நான் கலிபோர்னியா. அந்தச் சம்பலைத் தள்ளுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். பெயர் லில்லி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. பரிகாரமாக அவரை நல்ல சீனச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னேன். திருந்தாத ஜென்மம்.

காலை 11.10 பஸ். ஓட்டமாவடிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஆளுக்கு 130 ரூபா. 12.25க்கு இறங்கினால் நாசரின் கடை பூட்டு. வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம். எதிர்க் கடையில் இஞ்சிப் பிளேன்டீ குடித்தபடி 1.45 வரை காத்திருந்தோம்.

நாசர் கட்டாரில் எட்டு வருடம் சமைத்தவர், எனக்குப் பழைய பழக்கம். கடையில் பெயர்போனது மரக்கறியும் இறாலும் கிளறிய சொப்சுவி. 'சீன உணவகம்' என்ற அவருடைய பலகை சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது.

"என்ன நாசர், பலகைக்கும் கோபமா?"

"கடைய மூடப்போறன் சேர். புதன்கிழமை கட்டாருக்கு டிக்கெட். றோட்டு வேலைக்கு வந்த சீனாக்காரங்க என்ட சொப்சுவியத் திண்டுபோட்டு, இது சீனச் சாப்பாடே இல்லையெண்டு சிரிச்சிட்டாங்க. மறுகா ஊரே சிரிக்குது. ஒருத்தரும் வாறல்ல."

உள்ளேயிருந்து மனைவி பௌசியா: "நாலு பேர் சிரிச்சதுக்கு நாட்ட விட்டு ஓடுற ஆம்பிளையக் கண்டிருக்கீங்களா சேர்?"

மொழிபெயர்த்தேன். "அவர்கள் சொன்னது சரிதான்" என்றார் லில்லி. நாசரின் முகம் விழுந்தது. "இது அமெரிக்காவில் எங்கள் ஆட்கள் ஒப்பேற்றிய சாப்பாடு."

பிறகு அவர் சொல்லச் சொல்ல, என் ஓட்டை ஆங்கிலம் மூச்சு வாங்கியது. அவருடைய பூட்டன் மலையைக் குடைந்து தண்டவாளம் போட்டவர். பாதை முடிந்ததும் வேலையில்லை. இனிச் சீனக் கூலிகள் வரக்கூடாதென்று சட்டமும் வந்தது. மிஞ்சியது சலவையும் அடுப்பும். கிடைத்த மரக்கறியை, வெள்ளைக்காரன் நாக்குக்கு ஏற்றபடி கிளறிப் பிழைத்தார்கள். "அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கர்தான் என்று நீதிமன்றம்வரை போய் வென்றவர்கூட ஒரு சீனச் சமையல்காரர்."

நாசர் அடுப்பை மூட்டிவிட்டார். வாழைச்சேனை இறால், முட்டைக்கோவா, கரட், மேலே முட்டை. பெரிய பீங்கான் தட்டுக் கோப்பையில் பாதியை லில்லி முடித்தார். "எங்கள் ஊர்க் கடைகளில் உப்பு கூடுதல். இது மேல்."

"அப்ப நான் கள்ளச் சமையல்காரன் இல்லையா?"

"நீங்கள் என் பூட்டன் செய்ததைத்தான் செய்கிறீர்கள்."

"கேட்டீங்களா? இனி டிக்கெட்டுக்கு என்ன சொல்லப்போறீங்க?" என்றார் பௌசியா. நாசர் பலகையைத் திருப்பித் தூசி தட்டினார்.

வியாழக்கிழமை படம் அனுப்பியிருந்தார். ஆள் கட்டாரில் இல்லை, கடை வாசலில். பலகையில் புதுப் பெயின்ற்: 'சொப்சுவி: கலிபோர்னியா, கட்டார், ஓட்டமாவடி.'

போகிறவர்களுக்கு: ஒரு கோப்பை 1,100 ரூபா, இருவருக்குப் போதும். திரும்பும்போது கடைசி பஸ்ஸை நம்பவேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், கடை பூட்டு. எனக்கும் வெள்ளிக்கிழமை சைவம். அன்று நான் குடித்தது பிளேன்டீ மட்டும். நாசரின் சொப்சுவியை இன்றுவரை வாயில் வைத்ததில்லை.