சிவப்பு விளக்கடியில் பத்து சிட்டிங்

வெளிச்சத்தை வைத்து வலியைக் குறைப்பதாகப் போர்டு மாட்டியிருக்கிற தொழில் என்னுடையது; வெளிச்சத்தைவிட நோயாளியின் பொறுமைதான் அதில் அதிகம் வேலை செய்கிறது. கழுத்தைத் திருப்பினால் ‘கடக்’ என்று கேட்கிறவர்களும், சட்டை மாட்டும்போது பல்லைக் கடிக்கிறவர்களும் இதைப் படித்துக்கொண்டிருந்தால், நீங்கள் என் ஆட்கள். அனுப்பர்பாளையத்தில் ஒரு மாடி அறை. இரண்டு கட்டில், ஒரு லேசர் மெஷின், சூடு கொடுக்கிற ஒரு சிவப்பு விளக்கு. பிசியோதெரபிஸ்ட் என்று எழுதியிருக்கிறேன். எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி ராஜாமணி, பேத்தி பிறந்தபோது உதவிக்கென்று கோவையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ராஜாமணி திரும்பவில்லை. சண்டை எதுவும் கிடையாது. எப்போதாவது வருவாள், நாலு சேலை எடுத்துக்கொண்டு போவாள். இப்போது பீரோவில் என் சட்டைகள் மட்டும் தொங்குகின்றன. ‘வந்துவிடு’ என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் நடந்தவை இவை.

சுடாத மெஷின்

பழனியப்பன் பாத்திரப் பட்டறையில் ஆயுள் முழுக்கச் சுத்தியல் பிடித்தவர். வலது முழங்கையில் வலி. லேசர் வைத்தால் சுடாது, குத்தாது, ஒன்றுமே தெரியாது. நான் கருவியை முழங்கையில் வைத்தால், அவர் என் முகத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார். “உள்ளே வேலை செய்யுதுங்க” என்பேன். நாலாவது நாள் நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் தானாக எழுந்து போய்ச் சிவப்பு விளக்கின் கீழே உட்கார்ந்துகொண்டார்.

“லேசர் சில பேருக்குக் கேட்கும், சில பேருக்குக் கேட்காதுங்க. ரெண்டு வாரம் சுத்தியலைத் தொடாம இருந்தீங்கன்னா பாதி வலி போயிரும்” என்று உண்மையைச் சொன்னேன். அவர் முழங்கையை விளக்குக்கு இன்னும் கொஞ்சம் காட்டியபடியே சொன்னார்: “தப்பா நெனச்சுக்கப்படாதுங்க. உள்ள வேலை செய்யுது, உள்ள வேலை செய்யுதுன்னா எனக்கு எப்படிங்க தெரியும்? வெளிய கொஞ்சம் சூடு காட்டோணுமுங்க.”

ஏழு அம்புகள்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையைப் பார்க்காதவர்களுக்காக: தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நாள் முழுக்க நின்றபடியே செய்கிற வேலை. சாந்தி அதில் பழம் தின்று கொட்டை போட்டவள். ஷிப்ட் முடிந்து நேராக வந்தாள். “எங்கேம்மா வலி?” என்று கேட்டேன். துப்பட்டாவை விலக்கினாள். தோளில் இரண்டு, முழங்கையில் ஒன்று, இடுப்புப் பக்கம் இரண்டு, கழுத்தில் ஒன்று, குதிகாலில் ஒன்று. ஏழு சிவப்பு அம்புகள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. “கழுத்துல இருக்கறது எனக்கு எட்டலீங்க, பக்கத்து டேபிள் அக்காவை ஒட்டச் சொன்னேன்” என்றாள். அன்றைக்குத்தான் எந்த இடம் என்று அழுத்திப் பார்த்துத் தேடாமல் வேலையை முடித்தேன். கிளம்பும்போது மிச்சமிருந்த ஸ்டிக்கர் பட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் கிளம்புமுன், வாயால் சொன்னாலே போதுமே என்று கேட்டிருந்தேன். அதற்கு அவள் சொன்ன பதில் பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை. ராஜாமணி ஒருமுறை தோள் வலிக்கிறது என்றாள். நான் ஒரு நோயாளியோடு போனில் பேசிக்கொண்டே, ‘தைலம் தேய்’ என்று கையால் சைகை காட்டினேன். அதற்குப் பிறகு அவள் சொல்லவே இல்லை. குணமாகிவிட்டது என்று நினைத்தேன். சாந்தி சொன்னது இதுதான்: “ஒட்டலீன்னா பீஸ் பாஸாயிரும் சார். அப்புறம் யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க.”

பச்சைக் கண்ணாடி

லேசர் போடும்போது கண்ணுக்குப் பாதுகாப்பாக நோயாளியும் நானும் பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். பனியன் வேஸ்ட் வியாபாரம் செய்யும் சலீம் பாய் முழங்காலை நீட்டி உட்கார்ந்து, “ரெண்டு பேரும் இப்படிக் கண்ணாடி போட்டுட்டு எந்தூருக்குங்க போறோம்?” என்பார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அன்று மூலையில் கிடந்த ஓட்டல் பொட்டலத்தைப் பார்த்துவிட்டார்.

“ஊட்டுல அம்மா வரலீங்களா இன்னும்?”

“பேத்தி சின்னதுங்க.”

“என்ர பேரனும் அதே வயசுதான். அவன் இப்ப ஆங்கிலத்துல என்னையத் திட்டறானுங்க.”

சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறு எங்கோ போய்விட்டது. கருவியைப் பிடித்தபடி குனிந்தே இருந்தேன். சலீம் பாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “மெஷின் முடிஞ்சு பீப் அடிச்சு ரொம்ப நேரமாச்சுங்க டாக்டர். கண்ணாடியைக் கழட்டலாமுங்க. இல்ல, வேண்டாம், நீங்க போட்டிருங்க.”

பையை மாட்டிய கை

போன மாதம் கொமரலிங்கத்தில் ஒரு காதுகுத்து. அதற்கு வந்த ராஜாமணி, கோவை திரும்புமுன் வீட்டுச் சாவி வாங்க மாடியேறி வந்தாள். மிச்சமிருந்த பாத்திரங்களில் எதையோ எடுக்க வேண்டுமாம். கைப்பையை ஆணியில் மாட்டப் போனாள். வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்து மாட்டினாள்.

உள்ளே வருகிற யாராக இருந்தாலும் கை எந்த உயரத்துக்குப் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். அது என் பழக்கம். என் வீட்டுக் கையை நான் பார்த்ததில்லை.

நான் சாவியை எடுக்கவில்லை. மேஜை டிராயரில் வைத்திருந்த ஸ்டிக்கர் பட்டையை எடுத்து நீட்டினேன். சாந்தியின் கதையைச் சொன்னேன். “எங்கெங்க வலிக்குதோ ஒட்டு, அம்மிணி. இந்தத் தடவை பாக்கறேன்.”

பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது பத்தாதுங்க” என்றாள்.

பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கைப் போட்டு அவள் தோளுக்கு நேராக இழுத்து வைத்தேன். கதகதப்பு ஏற ஏற, இறுகியிருந்த தோள் கொஞ்சமாக இறங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், “எத்தனை நாள் ஆகுமுங்க?”

“பத்து சிட்டிங். ஒரு நாளும் விடாம வரணும்.”

கீழே தெருவில் கம்பெனி வேன் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “பத்து நாளைக்கு மாத்துத்துணி எடுத்தாரலீங்களே.”

உள்ளதைச் சொன்னால், அந்தத் தோளை ஆறு சிட்டிங்கில் பழக்கிவிட்டு மீதிப் பயிற்சியைக் கோவையிலேயே செய்யச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் எத்தனை சிட்டிங் என்பதில் நோயாளியிடம் ஒருநாளும் பொய் சொல்லாத நான், முதல் பொய்யைச் சொன்னதுதான் சொன்னேன், இருபது என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று துணிக்கடையில் அவளுக்குச் சேலை பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் தோன்றியது.